மூன்றாவது லைனில் குமிழி இல்லை

சைரன் அலறியது.

தீப்பிடிக்கவில்லை. வாயு கசியவில்லை. யாருடைய விரலும் சங்கிலியில் மாட்டவில்லை. செய்கிற பொருளில் குறை இல்லாமல் போய்விட்டது என்பதற்காக ஓர் ஆலையில் சைரன் அலறியது உலகத் தொழில் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை லண்டனுக்கோ தோக்கியோவுக்கோ போகவில்லை. சிம்பாங் ரெங்கத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் ஒரு கையுறை ஆலைக்கு வந்து சேர்ந்தது.

வரவேற்புக் கூடத்துப் பெரிய மின்பலகை, ‘மூன்றாவது லைன்: ஆயிரம் கையுறைக்கு ஓட்டை 1’ என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்ற ஐந்து நடுவர்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“யாரு கை வச்சது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் ஆலை மேலாளர் விஜயேந்திரன். பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி, பல்லைக் காட்டிச் சிரித்தார்.

தலைமை நடுவரான மலாய் அம்மையார் கண்ணாடி வழியே பால் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “மானா பூயே?” என்றார். குமிழி எங்கே? நியாயமான கேள்வி. கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து அவர் வந்ததே குமிழியைப் பார்க்கத்தான்.

தரக் கட்டுப்பாட்டு அதிகாரி சாந்தினி, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையில் சாவியைக் கொடுத்தது அவள் கைதான்.

நடந்ததை முறைப்படி சொல்ல வேண்டும். முறை தவறினால் அந்த ஆலையில் எதுவுமே நடந்ததாக ஆகாது.

சங்கிலியில் வரிசையாகத் தொங்கும் பீங்கான் கைகள் சூடாக வந்து, பால் தொட்டிக்குள் முங்கி எழும். கையில் படிந்த பால் காய்ந்தால் அதுதான் கையுறை. ரப்பர் தோட்டம் போய் இரண்டு தலைமுறை ஆகியும், தொட்டியில் இப்போது இருப்பது முக்கால்வாசி ரசாயனமாக இருந்தும், அங்கே எல்லாரும் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். பாலுக்குள் முங்கிய பீங்கான் கையின் மேல் கண்ணுக்கே தெரியாத காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். குமிழி உட்கார்ந்த இடத்தில் பால் படியாது. பால் படியாத இடத்தில் ஓட்டை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் சொட்டும். மற்ற லைன்களில் எப்போதாவது சொட்டியது. மூன்றாவது லைனில் ஆயிரத்துக்கு இருபத்திரண்டு சொட்டியது.

விஜயேந்திரன் சும்மா இருக்கிற மனிதர் அல்ல. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. ஒழுங்கு அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. குமிழியைக் கேள்விப்பட்ட அன்றே ‘குமிழி ஒழிப்பு உயர்மட்டப் பணிக்குழு’வை அமைத்தார். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். ஆயுள் மூன்று மாதம். செயலாளர் சாந்தினி.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. இதற்குள் ஒன்பது பேர் மாற்றலாகியும் வேலையை விட்டும் போய்விட்டார்கள். அதனால் குழு சுருங்கிவிடவில்லை. அதே இருபத்தொரு நாற்காலி. தேநீரோடு தின்ன அதே இருபத்தொரு கரிபாப். அறைக்கு வெளியே அதே பித்தளைப் பலகை. பேச விஷயம் குறைந்தபோது கூட்டம் நின்றுவிடவில்லை. கொஞ்சம் தட்டையானது, அவ்வளவுதான்.

அதன் சாதனைகள் கொஞ்சமல்ல. கையுறைக்கு வெளியே தெரியும் நீர்த்துளி ‘ஒழுகலா’ அல்லது ‘வியர்வையா’ என்று ஆராயத் துணைக்குழு அமைத்தது. மின்பலகையை மாட்டியது. தரக் கையேட்டில் இருப்பதுபோல ஓட்டைக்கு மேல் எல்லை இருபத்தாறு, கீழ் எல்லை பதினெட்டு என்று வகுத்தது. இரண்டில் எதைத் தாண்டினாலும் நிலைமை ‘கட்டுக்குள் இல்லை’ என்று அர்த்தம், சைரன் அடிக்கும். ஓட்டை பதினெட்டுக்குக் கீழே போனால் எதற்கு சைரன் என்று சாந்தினி ஒருமுறை கேட்டாள்.

“சடன்னா நல்லது நடந்தாலும் அது அப்நார்மல்தான் சாந்தினி” என்றார் விஜயேந்திரன். “குவாலிட்டின்னா ஸ்டெடியா இருக்கணும்.”

எல்லாவற்றுக்கும் மேலே, குழு புத்தாக்கப் போட்டியில் கலந்துகொண்டது. நாட்டில் இருக்கிற ஆலைகள், அலுவலகங்கள் எல்லாம் தங்கள் பிரச்சினையை எப்படித் தீர்த்தோம் என்று ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டும் கோஷமுமாக மேடையில் நடித்துக் காட்டும் போட்டி அது. குழு ‘பபிள் வாரியர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. நீல பாத்தேக் சட்டை தைத்துக்கொண்டது. “குமிழி வந்தா?” என்று விஜயேந்திரன் கேட்க, “போலே! போலே! போலே!” என்று மற்றவர்கள் முஷ்டியை உயர்த்திக் கத்துவார்கள். மலாய் தெரிந்தவர்களுக்கு அது ‘முடியும், முடியும்’ என்று கேட்கும். மாவட்டத்தில் வெள்ளி. ஜொகூர் பாருவில் மாநிலத் தங்கம். தேசிய இறுதிச் சுற்று நவம்பரில். அதற்கு முன்பு நடுவர்கள் ஆலைக்கே வந்து பிரச்சினையை நேரில் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் தீர்வைக் காட்ட வேண்டும். முன், பின் என்று இரண்டு படம். அதுவரைக்கும் குமிழி இருந்தாக வேண்டும். ‘பின்’ படத்துக்காக வாங்கிய மூவாயிரம் புதுப் பீங்கான் கைகள் ஸ்டோர் அறையில் பெட்டி பிரிக்காமல் காத்திருந்தன.

ஆனால் காரணம் என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே? குழு அதையும் கண்டுபிடித்தது. காரணம், வெள்ளையம்மா.

வெள்ளையம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாவது லைனில் பால் தொட்டிக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக நிற்கிறாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். கணவர் ஐயாசாமிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் குளுவாங்கில் டயாலிசிஸ். அந்தச் செலவை ஆலை கொடுத்த மருத்துவ அட்டை பார்த்துக்கொண்டது. வேலை இருக்கிறவரை அட்டை. அட்டை இருக்கிறவரை ஐயாசாமி.

விளக்கம் கேட்டு அவளுக்கு முதல் கடிதம் போன வருடம் வந்தது: தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவதால் குமிழி உண்டாகிறது. அவள் எண்ணெயை நிறுத்தினாள். குமிழி நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது கடிதம்: தொட்டி அருகில் பாட்டு முணுமுணுப்பதால் பால் அதிர்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள். குமிழி மட்டும் வாயை மூடவில்லை.

“மூணாவது லெட்டர் வந்தா வேல போயிடுமாமே புள்ள?” என்று சாந்தினியிடம் கேண்டீனில் கேட்டாள்.

“ரூல்ஸ் அப்படித்தான் ஆன்ட்டி.”

“அடுத்தது என்னான்னு எழுதுவாங்க? மூச்சு விடறேன்னா?”

அந்த வாரக் கூட்டத்தில் ‘மூச்சு’ நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருந்தது.

அன்றைக்குத்தான் சாந்தினி தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு தந்திரம் செய்தாள். வெளி நிபுணர் ஒருவரை அழைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டார் விஜயேந்திரன். சிங்கப்பூர் என்றாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நிபுணர் வந்தார். பெயர் யுகேந்திரன். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இயக்குகிறவர். சாந்தினி அழைப்பிதழில் ‘சிங்கப்பூர் நுண்குமிழி நிபுணர்’ என்று போட்டிருந்தாள். பொய் இல்லை. அவர் வெள்ளையம்மாவின் மகன் என்பதை மட்டும் போடவில்லை. அதுவும் பொய் இல்லை.

மாலை போட்டு வரவேற்று, லைனைச் சுற்றிக் காட்டினார்கள். பால் தொட்டி அருகில் வந்ததும், தலைக்கு வலைத்தொப்பி போட்டிருந்த வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூஞ்சி வாடிக் கெடக்கு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலியாய்யா?”

“சாப்பிட்டேம்மா.”

“எங்க சாப்பிட்ட? பொய் சொல்லாத.”

விஜயேந்திரன் நெகிழ்ந்துபோனார். “பாருங்க மிஸ்டர் யுகேந்திரன், வெளிநாட்டு எக்ஸ்பர்ட்னா நம்ம வொர்க்கர்ஸ் எவ்வளவு பாசமா பேசுறாங்க!”

பிறகு கூட்ட அறை. இருபத்தொரு நாற்காலியில் பன்னிரண்டு பேர். யுகேந்திரன் படம் போட்டுக் காட்டினார். ஒரு மயிரிழையை ஆயிரம் கூறாகக் கிழித்தால் எவ்வளவோ, ஒரு குமிழியின் உயரம் அவ்வளவுதான். பீங்கான் மேல் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி தட்டையாக உட்கார்ந்திருந்தது.

“குமிழி சின்னதாக ஆக ஆக உள்ளுக்குள்ள அழுத்தம் கூடும் சார். இவ்வளவு சின்னக் குமிழி, உள்ள இருக்கிற காத்தைத் தானே வெளிய தள்ளிட்டு, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள கரைஞ்சிருக்கணும். ஆனா இது நாள்கணக்கா அசையாம உக்காந்திருக்கு.”

“அதான் எங்க கொஸ்டின்” என்றார் விஜயேந்திரன். “வொய்?”

“ரெண்டு காரணம். ஒண்ணு, ஓரம். தேஞ்சு கீறல் விழுந்த பீங்கான்ல குமிழியோட ஓரம் மாட்டிக்குது. உள்ள காத்து கொறைஞ்சாலும் ஓரம் நகராது. அதனால குமிழி சுருங்காம தட்டையாகுது. தட்டையாக ஆக அழுத்தம் கொறையுது. கரைஞ்சு போகணும்கிற நெருக்கடியே அதுக்கு இல்லாமப் போயிடுது.”

சாந்தினிக்கு ஏனோ காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்த்தாள். கரிபாப்புகளையும் பார்த்தாள்.

“ரெண்டாவது?”

“சுத்தி இருக்கிற பால். அதுல தேவைக்கு மேல காத்து அடைஞ்சு கெடக்கு. குமிழியிலேருந்து வெளிய போற காத்தும், வெளியிலேருந்து உள்ள வர்ற காத்தும் சரிக்குச் சரியா ஆயிடுது. சுத்தி இவ்வளவு காத்து இருக்கிற வரைக்கும் குமிழிக்கு ஒரு கொறையும் வராது சார்.”

அறையில் யாரும் அசையவில்லை. காரணம் புரியாததால் அல்ல, புரிந்துவிட்டதால்.

மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிய பீங்கான் கைகளை ஐந்து வருடம் ஓட்டியதற்காக விஜயேந்திரனுக்குப் போன வருடம் ‘சிக்கனச் சிற்பி’ விருது கிடைத்தது. அதுதான் ஓரம். தொட்டிக்குத் திரும்பி வரும் பால் முன்பெல்லாம் குழாய் வழியே சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். பார்வையாளர்கள் படம் எடுத்துக்கொள்ள அழகாக இருக்கட்டும் என்று அந்தக் குழாயை ஆறடி உயரத்துக்கு ஏற்றி ‘வெள்ளை அருவி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அருவியாகக் கொட்டுகிற பால் காற்றை வாரி அள்ளிக்கொண்டு தொட்டிக்குள் போனது. அதுதான் சுற்றி இருக்கிற காற்று.

“அப்ப இதைப் போக்க என்ன செய்யணும்?” என்று மனிதவள அதிகாரி லோகேஸ்வரன் கேட்டுவிட்டான். அவன் புதிது.

“சிம்பிள். பீங்கான மாத்துங்க. அருவிய எறக்குங்க.”

விஜயேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“இந்த ரெண்டையும் தவிர வேற காரணம் இருக்கா?”

“இல்ல சார்.”

“தேடிப் பாருங்க.”

சாந்தினி நடவடிக்கைக் குறிப்பில் எழுதினாள்: ‘நிபுணரின் கருத்து நன்றியுடன் பெறப்பட்டது. மாற்றுக் காரணங்களைக் கண்டறியத் துணைக்குழு அமைக்கப்பட்டது.’ யுகேந்திரனுக்கு நினைவுப் பரிசாக ஒரு பீங்கான் கை கொடுத்தார்கள். அதில் கீறல் இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெள்ளையம்மா சாந்தினியின் ஆய்வறைக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

“நேத்து எங்க வூட்டுக்காரர டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். நர்சு நீலப் பெட்டியிலேருந்து ஒரு கையுறைய எடுத்துச்சு. மாட்டிப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுச்சு. இன்னொண்ண எடுத்துச்சு. அதையும் தூக்கிப் போட்டுச்சு. மூணாவதத்தான் போட்டுக்கிச்சு. பெட்டியத் திருப்பிப் பாத்தேன்.”

“நம்ம பெட்டியா ஆன்ட்டி?”

“நம்ம பெட்டின்னா பரவால்லயே. எல்-3ன்னு முத்திரை. தேதிகூடப் போட்டிருந்துச்சு. அன்னைக்கு நாந்தான் டூட்டி.” வெள்ளையம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். “அந்தப் புள்ள பாவம், அவரு ரத்தத்துல கைய வைக்குது. எந்தக் கையுறையில ஓட்டைன்னு எல்லாம் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

சாந்தினி சோதித்துக்கொண்டிருந்த கையுறையை மேசையில் வைத்தாள்.

“என் மவன் சொன்னானே, பீங்கான மாத்து, அருவிய எறக்குன்னு. புதுப் பீங்கானு ஸ்டோர்லதான கெடக்கு?”

“அது நவம்பருக்கு ஆன்ட்டி. ஃபைனலுக்கு.”

“என் வூட்டுக்காரருக்கு நாளைக்கும் டயாலிசிஸ் இருக்கு புள்ள. நவம்பர்ல மட்டும் இல்ல.”

பெருநாளுக்கு ஆலை நான்கு நாள் மூடும். பராமரிப்புக்கு ஆட்கள் வருவார்கள். மேற்பார்வை சாந்தினி. ஸ்டோர் சாவி அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் இழுப்பறையைத் திறந்தாள். சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, செம்பனை மரங்களை எண்ண ஆரம்பித்தாள். திரும்பியபோது சாவி இல்லை.

நான்கு நாளில், ஐந்து தமிழரும் இரண்டு நேப்பாளத்தாருமாக ஏழு பெண்கள், மூவாயிரம் கைகளையும் மாற்றினார்கள். வெள்ளையம்மா ஒரு நீளக் குழாயை அருவியின் வாயில் செருகி, மறுமுனையைப் பாலுக்குள் அமுக்கிக் கட்டினாள். பால் சத்தமில்லாமல் இறங்கியது. உயர்மட்டக் குழு கிடையாது, சட்டை கிடையாது, கோஷம் கிடையாது. மத்தியானம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மட்டும்.

லைன் மறுபடி ஓடியபோது சாந்தினி ஆயிரம் கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டாள். ஒன்று சொட்டியது. மறுநாள் ஒன்று. அதற்கடுத்த நாள் ஒன்றுகூட இல்லை.

மின்பலகைக்கு எண்ணைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. சைரன் அடித்தால் வெள்ளையம்மா தொலைந்தாள். எனவே தினமும் ‘22’ என்று தட்டினாள். ஒருநாள் மாறுதலுக்கு ‘21’. குறையை மறைத்த அதிகாரிகள் உலகத்தில் உண்டு. குறை இல்லாததை மறைத்த முதல் அதிகாரி அவள்தான். விஜயேந்திரன் லைனுக்கு வருவதில்லை, பலகையைத்தான் பார்ப்பார். பலகை நன்றாக இருந்தது. பத்து நாள் இப்படியே போனது.

பதினோராவது நாள் நடுவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ‘நேரலை’யாகக் காட்டலாம் என்று லோகேஸ்வரன் அன்று காலை, சொட்டும் கையுறைகளை எண்ணும் சோதனைக் கேமராவை நேரே பலகையோடு இணைத்துவிட்டிருந்தான். சாந்தினியிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தான்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

“அலமாக்!” என்றார் தலைமை நடுவர், கண்ணாடிக்கு அப்பால் பார்த்து. “அருவியும் இல்லையே!” படம் எடுத்துக்கொள்ளக் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்த மற்ற நான்கு பேரும் அதைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

குழு பதறிவிடவில்லை. நெருக்கடியில்தான் நிர்வாகத்தின் தரம் தெரியும். இரண்டே நாளில், இரவு பகலாக, புதுக் கைகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, பழைய கைகளை மாட்டினார்கள். வெள்ளை அருவி மறுபடி கொட்டியது. இரண்டு வருடமாக எந்தத் தீர்மானமும் அவ்வளவு வேகமாக நிறைவேறியதில்லை. அடுத்த வாரம் நடுவர்கள் திரும்பி வந்தபோது பலகை ‘23’ காட்டியது. அருவி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ‘பிரச்சினை சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பபிள் வாரியர்ஸ் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது.

பிறகு விசாரணை.

விஜயேந்திரன் நடுவில். லோகேஸ்வரன் வலப்பக்கம். குறிப்பெடுக்கச் சாந்தினி. எதிரே, எல்லாம் தன் வேலைதான் என்று தானே சொல்லிவிட்ட வெள்ளையம்மா, மடியில் கைப்பை.

“குற்றம் ஒண்ணு” என்று வாசித்தான் லோகேஸ்வரன். “அனுமதி இல்லாம புதுக் கைகள மாட்டுனீங்க. குற்றம் ரெண்டு, வெள்ளை அருவிய நிறுத்துனீங்க. குற்றம் மூணு, அதனால குமிழி போயிடுச்சு. ஒத்துக்கிறீங்களா?”

“குமிழி போனது குத்தமா தம்பி?”

“அனுமதி இல்லாம போனது குத்தம்.”

“முன்னாடி ரெண்டு லெட்டர் குமிழி வந்துச்சுன்னு குடுத்தீங்க.”

“ஆமா.”

“இது குமிழி போச்சுன்னு.”

“ஆமா.”

“அப்ப நான் என்னாதான் செய்யறது?”

“எஸ்.ஓ.பி. இருக்குல்ல, அதை ஃபாலோ பண்ணணும்லா.”

“அதுல என்னா போட்டிருக்கு?”

லோகேஸ்வரன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். தொண்டையைக் கனைத்தான். “‘குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவும்.’”

“எம்புட்டு நாளைக்கு?”

அது போடப்படவில்லை.

“ஸ்டோர் சாவி எப்படிக் கிடைச்சது?” என்றார் விஜயேந்திரன்.

சாந்தினியின் பேனா நின்றது. வெள்ளையம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“கதவுலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு சார்.”

‘சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது’ என்று சாந்தினி எழுதினாள். கையெழுத்து அவளுடையது போல இல்லை.

“சார்” என்றாள் அவள், எழுதி முடித்து. “அந்தப் பதினோரு நாள் சரக்குல ஒரு கம்ப்ளைண்ட்கூட வரல.”

“அதான் சாந்தினி ப்ராப்ளம். கம்ப்ளைண்ட் வரலன்னா ஃபைனலுக்கு டேட்டா எங்கேருந்து வரும்?”

தீர்ப்பு: பணிநீக்கம். மேலாளர் கையெழுத்துப் போட்டதும் நடப்புக்கு வரும். மருத்துவ அட்டையை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். வெள்ளையம்மா எழுந்து, கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, அதில் இருந்த கணவர் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“கையெழுத்துப் போட்டப்புறம் குடுத்தா போதும் ஆன்ட்டி” என்றான் லோகேஸ்வரன். அவனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையெழுத்து தாமதமானது. கடிதத்தில் ‘குமிழி’ என்பதற்கு முன்னால் ‘மாண்புமிகு’ தேவையில்லை என்று முடிவு செய்யவே இரண்டு கூட்டம் ஆயிற்று என்று கேண்டீனில் சொல்லிக்கொண்டார்கள். அது கேலி. உண்மையில் ஒரு கூட்டம்தான். அதற்குள் விஜயேந்திரனுக்குப் பித்தப்பையில் கல் என்று குளுவாங்கில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையே அறுவை சிகிச்சை. படுத்துக்கொண்டே ஆலைக்குப் போன் போட்டார்.

“நான் திரும்பி வர ரெண்டு வாரம் ஆகும். அந்த லெட்டர எடுத்துட்டு வா சாந்தினி. பெண்டிங் இருக்கக் கூடாது.”

விடிந்ததும் சாந்தினி கோப்போடு போனாள். அதில் இரண்டு தாள். மேலே பணிநீக்கக் கடிதம். அடியில் அவளே விடிய விடிய யோசித்து எழுதிய ஒரு வரி: ‘சாவியைக் கொடுத்தது நான்.’ காரில் வரும்போது நாலு தடவை அதை மேலே வைத்தாள். நாலு தடவையும் அடியில் வைத்தாள்.

விஜயேந்திரன் பச்சை அங்கியில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பித்தளைப் பலகையும் பாத்தேக் சட்டையும் இல்லாமல் சற்றே தட்டையாகத் தெரிந்தார்.

“வெள்ளையம்மா என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல சார். இன்னைக்கும் லைன்லதான் நிக்கிறாங்க.”

“நல்லவங்கதான். ஆனா சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல?” பேனாவின் மூடியைத் திறந்தார்.

தாதி ஒருத்தி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். “ஊசி போட்டுட்டு, அப்புறம் தியேட்டருக்குப் போலாம் அங்கிள். டாக்டர் ரெடியா இருக்காங்க.” வண்டியில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு கையுறையை உருவி மாட்டினாள். விரல் நுனியைப் பார்த்தாள். கழற்றிக் குப்பையில் போட்டாள். இன்னொன்றை உருவினாள்.

கடிதத்தின் மேல் பேனா முனை நின்றது. விஜயேந்திரனின் கண் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. அதன் பக்கவாட்டில் எல்-3 என்ற முத்திரை. தேதி சுவர்ப் பக்கம் இருந்தது. அவர் எழுந்து பார்க்க முயன்றார், வயிற்று வலி விடவில்லை. இரண்டு வருடக் கூட்டங்களில் ஒருமுறைகூடக் கேட்காத குரலில், மிக மெதுவாகச் சொன்னார்:

“சாந்தினி, அந்தப் பெட்டியத் திருப்பித் தேதியப் பாரு... வெள்ளையம்மாவோட அந்தப் பதினோரு நாள்ல செஞ்சதா, இல்ல நம்ம செஞ்சதா?”